தண்ணீருக்கு வழி விடு, பிறகு தார் போடு

முழுத் தொகையும் வந்தால்தான் நல்ல ரோடு போட முடியும் என்று இனிமேல் யாரிடமும் சொல்லாதே, தாயி. வரைதொழில் அலுவலராகத் துறைக்குள் நுழைந்து உதவிக் கோட்டப் பொறியாளராக வெளியே வந்தவன் நான். கேட்ட தொகை கேட்டபடி வந்த எஸ்டிமேட் ஒன்றைக்கூட என் மேசையில் பார்த்ததில்லை. நீ இப்போதுதான் உதவிப் பொறியாளர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். அனுப்பியதில் பாதியை வெட்டிவிட்டார்கள் என்று அச்சன்புதூருக்கு வந்த அன்றைக்குச் சோறுகூட இறங்காமல் இருந்தாய். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த வேலைக்கு வந்திருக்கிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

காசில்லாத கதை நம் நாட்டு ரோட்டுக்குப் புதிதில்லை. மோட்டார் வண்டிகள் பெருகி, மாகாண அரசுகளால் ரோட்டைக் காப்பாற்ற முடியாமல் போனபோதுதான் 1927-ல் ஜெயகர் குழுவை அமைத்தார்கள். பெட்ரோலுக்குக் கூடுதல் வரி போட்டு அதை ரோட்டுக்கென்றே ஒதுக்கச் சொன்னது அந்தக் குழு. 1929-ல் மத்திய சாலை நிதி வந்தது. 1934-ல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் பிறந்தது. நீ புரட்டுகிற கையேடுகள் எல்லாம் அங்கிருந்து வருபவைதான். நிதியும் வந்தது, கையேடும் வந்தது, பற்றாக்குறை மட்டும் போகவில்லை. தமிழ்நாட்டு நெடுஞ்சாலைத் துறையின் கையில் மட்டும் அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரோடு இருக்கிறது. அத்தனைக்கும் போதுமான பணம் எந்த பட்ஜெட்டிலும் வராது. எதில் குறைக்கலாம், எதில் கை வைக்கவே கூடாது என்று பிரிக்கத் தெரிந்தவருக்குத்தான் பொறியாளர் என்ற பெயர் பொருந்தும்.

அதற்கு நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து ரயிலில் மலையேறிப் போனால் கழுதுருட்டி பக்கத்தில் பதிமூன்று கண் பாலம் வரும். கொல்லம் செங்கோட்டைப் பாதை 1904-ல் வந்தது. அன்றைக்கு அது மீட்டர் கேஜ். அகலப் பாதை போடக் கட்டுப்படியாகாது என்று 1870 வாக்கில் மேயோ பிரபு காலத்தில் எடுத்த சிக்கன முடிவின் வாரிசு அது. தண்டவாள அகலத்தில் குறைத்தார்கள். கல் தூணில் குறைக்கவில்லை. 2010-ல் மீட்டர் கேஜை நிறுத்தி அகலப் பாதையாக மாற்றி, 2018-ல் மறுபடி ரயில் விட்டபோது அதே பாலத்தைப் பலப்படுத்தித்தான் பயன்படுத்தினார்கள். அகலத்தைப் பேரன் காலத்தில் கூட்டிக்கொள்ளலாம். அடியில் விட்ட குறையைக் கொள்ளுப்பேரன் வந்தாலும் ரோட்டை உடைக்காமல் சரிசெய்ய முடியாது.

இனி மண்ணுக்கு வருகிறேன். நம் தென்காசி மாவட்டத்தில் ஒரே விலைப்பட்டியல்தான், மண் மட்டும் ஒன்றில்லை. தென்காசி, கடையநல்லூர் பக்கம் செம்மண்ணும் சரளையும். சங்கரன்கோவிலைத் தாண்டிக் கிழக்கே போனால் கரிசல். மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். செம்மண் ரோட்டுக்குப் போட்ட எஸ்டிமேட்டை அப்படியே நகல் எடுத்துக் கரிசலுக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தலைகீழாகச் செய்கிறவர்களும் உண்டு. அதில் ரோடு கெடாது, காசுதான் மண்ணுக்குள் போகும்.

சி.பி.ஆர். சோதனை என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கல்லூரியில் மார்க்குக்காகச் செய்திருப்பாய். மண்ணை அச்சில் இறுக்கி, நாலு நாள் தண்ணீரில் ஊறவைத்து, முளையை இறக்கி எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது. ஏட்டில் ஒரு சின்ன எண்ணாக நிற்கும். அந்த எண் உன் எஸ்டிமேட்டை எப்படி ஆட்டிவைக்கும் தெரியுமா? 2001-ல் வந்த சாலைக் காங்கிரஸ் கையேட்டை எடுத்துக்கொள். ஒரு கோடி திட்ட அச்சுச் சுமையைத் தாங்க வேண்டிய ரோட்டுக்கு, மண்ணின் சி.பி.ஆர். 2 என்றால் மொத்தக் கனம் 850 மில்லிமீட்டர். அதே எண் 10 என்றால் 540 போதும். ஒரு அடி கனத்துக்கு மேல் வித்தியாசம். அந்த ஒரு அடியை ஏழு மீட்டர் அகலத்துக்கு, பத்து கிலோமீட்டர் நீளத்துக்குப் பெருக்கிப் பார். எத்தனை லோடு ஜல்லி, எத்தனை லாரி வாடகை! நாலு இடத்தில் குழி தோண்டி மண் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சோம்பல்பட்டு இதை விடுகிறார்கள். ஆய்வகச் செலவு, ஒப்பந்ததாரர் பூஜை போடுகிற செலவுக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

கடப்பாரை போட்டுப் பார்க்கும் முன் வயற்காட்டில் நிற்கிற கிழவரிடம் கேள். எந்த இடத்தில் மாட்டு வண்டி புதையும், எந்தப் பொட்டலில் மழை பெய்த மறுநாளே காலில் மண் ஒட்டாது என்று அவர் சொல்வார். எந்த இடத்தில் குழி தோண்ட வேண்டும் என்பதையாவது அவர் வாயிலிருந்து எடுத்துக்கொள். கேட்பதற்கு வெட்கப்பட்டால் இந்த வேலையில் காலம் முழுக்க அரசாங்கக் காசைத்தான் அபராதமாகக் கட்டுவாய்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊர் தண்ணீருக்கு நடுவில் இருக்கிற ஊர். மேற்கே மேக்கரையில் அடவிநயினார் அணை, அனுமன் நதி, அதிலிருந்து பிரிகிற கால்வாய்கள், குளங்கள், மடைகள். ஆனி, ஆடியில் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. இந்த இரண்டு மழையையும் வாங்குகிற ரோட்டை ஒரே மழை பார்க்கிற ஊர் ரோட்டைப் போல நினைத்தால் தீர்ந்தது.

எஸ்டிமேட்டில் காசு குறைந்தால் முதலில் எதை அடிப்பார்கள், நீயே பார்த்திருப்பாய். சிறுபாலம் ஒன்றை அடிப்பார்கள். பக்கவாட்டு வடிகாலை அடிப்பார்கள். தார் கனத்தில் மட்டும் கை வைக்க மாட்டார்கள், ஏனென்றால் திறப்பு விழாவுக்கு வருகிறவர் கண்ணில் படுவது அதுதான். மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கிப் பந்தல் போட்டுவிட்டு, ஒழுகுகிற கூரையை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற வீடு மாதிரி இது.

ஸ்காட்லாந்துக்காரர் மெக்காடம் 1800-களின் தொடக்கத்தில் சொன்னது இன்றைக்கும் மாறவில்லை. ரோட்டின் பாரத்தைத் தாங்குவது கடைசியில் அடியில் இருக்கிற இயற்கை மண். அது உலர்ந்திருந்தால் தாங்கும், ஊறினால் தாங்காது. மேலே போடுகிற கல்லுக்கு இருக்கிற முதல் வேலையே மழையை உள்ளே விடாமல் பார்ப்பது. இன்னொன்று, தாருக்கும் தண்ணீருக்கும் ஆகாது. நீர் நின்றால் ஜல்லியிலிருந்து தார் உரியும். உரிந்த இடத்தில் டயர் ஒரு கல்லைப் பெயர்க்கும். ஒரு கல் போன இடம் மறுவாரம் குழி.

தார்ச்சாலைக்கு நடுவிலிருந்து ஓரத்துக்கு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் சரிவு கொடுக்கச் சொல்கிறது கையேடு. அதைச் சரியாகக் கொடுக்கப் பத்துப் பைசா கூடுதல் செலவு கிடையாது. ரோலர் ஓட்டுகிறவரிடமும் மேஸ்திரியிடமும் நின்று பார்க்கிற நேரம்தான் செலவு. அப்படிச் சரிவு கொடுத்தும் பல இடங்களில் தண்ணீர் நிற்கிறதே ஏன்? ரோட்டோர மண் பட்டையான பெர்மில் புல் முளைத்து, மண் சேர்ந்து, ஓரம் ரோட்டை விட உயரமாகிவிடும். வழிந்து போகிற தண்ணீர் அங்கே முட்டி நின்று ரோட்டுக்குள்ளேயே இறங்கும். புதுத் தாருக்கு லட்சக்கணக்கில் கேட்கும் முன் மண்வெட்டியோடு நாலு ஆளை அனுப்பி அந்தப் பெர்மைச் சீவச் சொல்.

நன்செய் நடுவில் போகிற ரோடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். மேட்டில் போட்ட ரோடு வயலுக்குக் குறுக்கே அணை மாதிரி நிற்கும். சிறுபாலம் இல்லாவிட்டால் மேல்பக்கத்துப் பயிர் அழுகும், கீழ்பக்கத்துப் பயிர் காயும். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு ராத்திரி ஊர்க்காரர்கள் ரோட்டையே வெட்டிவிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? எங்கே குழாய் போட வேண்டும் என்று வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் நீர்ப்பாய்ச்சியைக் கூட்டிக்கொண்டு நட. போடுகிற குழாயும் ஆள் நுழைந்து மண் அள்ளும் அளவுக்கு இருக்கட்டும். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று சின்னக் குழாயைப் புதைத்தால் இரண்டாவது மழையில் அடைத்துக்கொள்ளும், அப்புறம் அதைத் திறக்க வழியே இருக்காது. எல்லா ஓடைக்கும் உயர்ந்த பாலம் வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். வருஷத்தில் சில நாள் மட்டும் வெள்ளம் வருகிற, வண்டி குறைந்த கிளைச் சாலைக்குத் தரைப்பாலம் போதும். வெள்ளம் மேலே ஏறிப் போகட்டும். இறங்கிய பிறகு ரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆழம் காட்டும் கல்லையும் இருபுறமும் எச்சரிக்கைப் பலகையையும் மறந்துவிடாதே. அதில் மிச்சம் பிடித்தால் உயிர் போகும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு மழைக்கு எல்லா ரோட்டையும் வடிவமைக்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது. ஆனால் எந்த ரோடு அறுந்தால் ஊர் தீவாகும், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி எது என்று முன்கூட்டியே பிரித்து, அந்த வழியில் இருக்கிற பாலங்களுக்கு மட்டும் கூடுதல் கண் வைக்க முடியும். எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டால் எதுவும் நிற்காது.

அகலத்துக்கு வருவோம். பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000-ல் தொடங்கியபோது ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஊர் ரோட்டுக்கு மூன்றே முக்கால் மீட்டர் தார் போதும், வண்டி மிகவும் குறைவான இடத்தில் மூன்று மீட்டரே போதும் என்று துணிந்து எழுதினார்கள். போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து வருஷம் பராமரிக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். குறைந்த அகலத்தில் போட்டதால் அதிகமான ஊருக்கு ரோடு போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவில் மிசூரி மாநிலப் போக்குவரத்துத் துறை 2005 வாக்கில் இதே வழிக்கு வந்தது. கையேட்டின் உச்ச அளவை எல்லா இடத்திலும் பிடித்துத் தொங்காமல், அந்த ரோட்டுக்கு எது தேவையோ அதை மட்டும் போட்டு, மிச்சத்தை அடுத்த ரோட்டுக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். பணக்கார நாட்டிலேயே அப்படி.

ஸ்வீடனில் இன்னொன்று செய்தார்கள். பதின்மூன்று மீட்டர் அகல ரோடுகளை நாலு வழியாக்கப் பணம் இல்லை; நேருக்கு நேர் மோதிச் சாவு அதிகம். 1998-ல், இருந்த அகலத்துக்குள்ளேயே மூன்று தடம் பிரித்து, நடுத் தடத்தை மாறி மாறி ஒரு பக்கத்துக்கு முந்திச் செல்லக் கொடுத்து, நடுவில் கம்பி வடத் தடுப்பு கட்டினார்கள். சாவு பெருமளவு குறைந்தது. நம் ஊரில் டிராக்டரும் ஆடு மாடும் எதிர்த் திசையில் வருகிற மோட்டார் சைக்கிளும் இருக்கிற ரோட்டில் அதை அப்படியே போட முடியாது. ஆனால் நாலு வழி ஒன்றுதான் மருந்து என்று நினைக்க வேண்டாம். ஏழு மீட்டர் ரோட்டுக்கு இருபுறமும் ஒன்றரை மீட்டர் தார் போட்ட ஓரம் சேர்த்தாலே சைக்கிளும் டூவீலரும் ஒதுங்கும். புளியரை எஸ் வளைவு மாதிரி ஆபத்தான ஒற்றை இடங்களைத் திருத்தினால், கிலோமீட்டர் கணக்கில் அகலப்படுத்துவதை விடச் சீக்கிரம் உயிர் காக்கலாம்.

நாலு வழிக்கே நான் எதிரி என்று எழுதிவிடாதே. திருநெல்வேலி தென்காசி ரோட்டை உலக வங்கிக் கடனில் சுமார் 45 கிலோமீட்டருக்குச் சுமார் 430 கோடி ரூபாயில் நாலு வழியாக்கியதில் எனக்கு மறுப்பில்லை. அந்த ரோட்டில் மாவட்டத்துக்கும் மாநகரத்துக்கும் நடுவே ஓடுகிற பஸ்ஸும் ஆம்புலன்சும் அதைக் கேட்டன. கிலோமீட்டருக்கு ஒன்பது கோடிக்கு மேல் என்ற கணக்கை மட்டும் மனதில் வை. ராஜபாளையத்திலிருந்து செங்கோட்டைக்குக் கொல்லம் திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையை, அதாவது 744-ஐ, புது வழியில் நாலு வழியாக்கும் பேச்சு வந்தபோது நன்செய்யும் குளமும் போகிறதே என்று நம் பக்கத்து விவசாயிகள் எதிர்த்து மாற்றுப் பாதை கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்பது என் தீர்ப்பு. நிலத்துக்குச் சந்தை மதிப்போடு அதே அளவு ஆறுதல் தொகையும் 2013 சட்டப்படி கொடுத்தாக வேண்டும். நன்செய்யில் மேடு உயர்த்த மண் வேண்டும், வாய்க்காலுக்கு வாய்க்கால் பாலம் வேண்டும். போன இரண்டு போக நெல்லுக்கோ எந்த எஸ்டிமேட்டிலும் இனம் கிடையாது. வளைந்து போனாலும் புன்செய் வழியே போகிற கோடு பல சமயம் நேர்க்கோட்டை விட மலிவு. கோடு போடுகிற ஒரு வாரத்தில் மிச்சமாவது, கட்டுகிற மூன்று வருஷத்தில் மிச்சமாகாது.

பாரம் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவாவில் 1958 முதல் 1960 வரை லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக் கண்டுபிடித்த கணக்கு இது: அச்சுச் சுமை கூடினால் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் கூடும். சுமை இரு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. 2018-ல் மத்திய அரசு ஒற்றை அச்சுக்கு அனுமதித்த சுமையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. எட்டில் ஒரு பங்குதானே என்று தோன்றும். நான்காம் அடுக்கு போட்டால் சேதம் அறுபது சதவீதம் கூடுகிறது. அதற்கு மேலும் அளவு மீறி ஜல்லியும் எம்.சாண்டும் ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிற டாரஸ் லாரிகளை நீயும் பார்த்திருக்கிறாய். எடைமேடையும் அபராதமும் உன் அதிகாரத்தில் இல்லை. ஆனால் எந்த ரோட்டில் எந்தப் பாரம் ஓடுகிறது என்று ஒரு ராத்திரியாவது நின்று எண்ணாமல் கனம் முடிவு செய்யாதே. பகல் கணக்கெடுப்பில் அந்த லாரிகள் அகப்படாது.

பராமரிப்புக்குக் கைதட்டு கிடையாது, கல்வெட்டும் கிடையாது. அதனால்தான் முதலில் அங்கே வெட்டுகிறார்கள். 1997-ல் சேர்த்த சாலைப் பணியாளர்கள் சுமார் பத்தாயிரம் பேரை 2002-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2006-ல்தான் திரும்ப எடுத்தார்கள். அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாகக் கணக்கிடச் சொல்லி அவர்கள் நெடுங்காலம் போராடினார்கள். சம்பளக் கணக்கில் மிச்சம் காட்டியிருக்கலாம். வடிகால் எடுக்காத, சின்னக் குழியில் ஜல்லி போடாத ரோடுகளின் நஷ்டத்தை யார் கூட்டிப் பார்த்தார்கள்? உன் பிரிவில் இருக்கிற சாலைப் பணியாளர்களை ஆபீஸ் வேலைக்கு இழுக்காதே. அவர்கள் கையில் மண்வெட்டி இருக்கிற ஒவ்வொரு நாளும் அரசாங்கத்துக்கு லாபம்.

பொள்ளாச்சியில் 2012 வாக்கில் ஒரு புது முறை பார்த்தார்கள். சுமார் 375 கிலோமீட்டரை ஐந்து வருஷத்துக்கு ஒரே ஒப்பந்தத்தில் கொடுத்து, போட்ட ஜல்லிக்கு அல்லாமல், ரோடு இருக்கிற நிலைக்குப் பணம் கொடுத்தார்கள். குழி விழுந்தால் பணம் பிடிபடும் என்பதால் ஒப்பந்ததாரருக்கே வடிகால் மேல் அக்கறை வந்துவிடும். பின்னால் வேறு கோட்டங்களுக்கும் அது பரவியது. கண்காணிப்பு ஒழுங்காக இருக்கிற வரைக்கும் நல்ல முறைதான்.

2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். ரோடு ஏற ஏற வீடுகள் பள்ளமாகின்றன என்பதற்காக. எனக்கு அதில் இன்னொரு ஆதாயம் தெரிந்தது: சுரண்டிய ஜல்லியும் தாரும் குப்பை கிடையாது, மறுபடி பயன்படும் பண்டம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்ட பிளாஸ்டிக் ரோடும் அப்படித்தான். சூடான ஜல்லி மேல் பிளாஸ்டிக் துணுக்கைத் தூவினால் மெல்லிய தோலாக ஒட்டிக்கொள்ளும், அதன் மேல் தார் ஊற்றினால் பிடிப்பு கூடும், தாரும் கொஞ்சம் மிச்சம். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நல்ல வேலை. ஆனால் வடிகால் இல்லாத இடத்தில் பிளாஸ்டிக் போட்டாலும் தங்கம் போட்டாலும் குழிதான்.

கடைசியாக ஒன்று, பிப்ரவரியிலேயே மனதில் போட்டுக்கொள். மார்ச் 31-க்குள் செலவழிக்கவில்லை என்றால் பணம் திரும்பிப் போய்விடும் என்று நெருக்குவார்கள். டெண்டர் தாமதமாகி வேலை ஆனிக்குத் தள்ளிப்போனால், சாரலில் தார் போடச் சொல்வார்கள். ஈர ஜல்லியில் தார் ஒட்டாது. அப்போது மாட்டேன் என்று சொல்வதற்கு இப்போதே பழகிக்கொள். வாயால் சொல்லாதே, எழுத்தில் சொல். தொகை குறைந்ததால் எதை விட்டோம், விட்டதால் என்ன ஆகும் என்று கோப்பில் ஒரு பக்கம் எழுதி வை. உனக்குப் பின்னால் அந்த நாற்காலிக்கு வருகிறவருக்கு அது உதவும், உனக்கும் ஒரு நாள் உதவும்.

வெட்டுப்பட்ட அந்த எஸ்டிமேட்டைத் திரும்ப எடு. மேல் தாரின் கனத்தை இப்போதைக்குக் குறைத்துக்கொண்டு, தொகைக்குள் அடக்க நீ அடித்த இரண்டு சிறுபாலத்தையும் வடிகாலையும் மறுபடி சேர்த்து அனுப்பு. ஐப்பசிக்கு முன் உன் பிரிவில் இருக்கிற அத்தனை குழாய்ப் பாலங்களையும் பட்டியல் எடுத்து, அடைப்பு நீக்க மட்டும் தனி எஸ்டிமேட் போடு. அவ்வளவு சின்னத் தொகையை யாரும் வெட்ட மாட்டார்கள்.